அண்ணாச்சியைப் பூட்டிய இரவு

ஆடி இரண்டாம் வெள்ளி, இரவு.

தி. நகர் ஜவுளி சாம்ராஜ்யத்தின் கம்ப்யூட்டர் காவல் தெய்வமாகிய நான் இன்று கவிழ்ந்தேன். ஒரே கணக்கில் ஐந்து முறை தப்பான பாஸ்வேர்டு விழுந்தால்தான் என் அலாரம் அலறும். இந்தத் திருடனோ ஊழியர் அத்தனை பேர் கணக்கிலும் ஒரே பாஸ்வேர்டை ஆளுக்கு ஒரு முறை மட்டும் முயன்றிருக்கிறான். லாகின் பதிவுகளை நேரப்படி அடுக்கிய பிறகுதான் அந்த ஊர்வலம் தெரிந்தது. கடைசியில் ஒரு கதவு திறந்திருக்கிறது. முதலாளி அண்ணாச்சியுடையது. அவருடைய பாஸ்வேர்டு ‘முருகன்123’ என்பது கடைக்கே தெரியும்.

“உடனே மாத்துங்க அண்ணாச்சி!”

“முருகனையா மாத்தச் சொல்லுதீரு? ஆடித் தள்ளுபடி முடியட்டும்வே.”

“அதுக்குள்ள கடையையே உருவிக்கினு போயிடுவான்!”

சிரித்தார். எனக்கு ஈரேழு உலகமும் சுற்றியது. உள்ளே போனவன் நெசவாளர்களுக்குப் போகும் பணத்தைத் தன் பக்கம் திருப்பிவிட்டால்...

கடை மூடியதும், கேட்காமலே அவர் கணக்கைப் பூட்டிவிட்டேன். காலையில் சாமி கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து முருகனைத் தட்டுவார். திறக்காது. அப்புறம் என்னைக் கூப்பிடுவார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

திருடனையும் அண்ணாச்சியையும் ஒரே பூட்டால் வெளியே நிறுத்தியிருக்கிறேன். திருடனாவது என்னை வேலையை விட்டுத் தூக்க மாட்டான்.