இரண்டு கருப்புத் துணிகள்

1927 ஜனவரி 3, திங்கள்

கால்வாய் இலாகாவின் உத்தரவு வந்துவிட்டது. 20ஆம் தேதி எண்ணூரில் படகு ஏற வேண்டும். நெல்லூர் தாண்டிப் போய்த் திரும்ப இரண்டரை மாதம். வழியிலுள்ள மதகு, பாலம், உப்பளம் எல்லாவற்றையும் படம் எடுத்துத் தர வேண்டும். பன்னிரண்டு வருஷமாக ராயபுரத்தில் கல்யாண ஜோடிகளை நாற்காலியில் உட்கார வைத்தே காலம் போயிற்று. வெளியே போய் எடுக்க இப்போதுதான் வாய்த்தது. அதுவரை ஸ்டூடியோவை வால்டர் பார்த்துக்கொள்வான். எட்டு வருஷமாக என்னிடம் இருக்கிற ஆள்.

இன்றே மூட்டை கட்ட ஆரம்பித்தேன். பெரிய காமிரா, முக்காலி, பன்னிரண்டு டஜன் கண்ணாடி பிளேட்டுகள், மருந்துப் புட்டிகள். படம் பிடிக்கும்போது தலையில் போர்த்திக்கொள்ளும் கருப்புத் துணி, புதிது ஒன்றும் பழையது ஒன்றும் இருந்தன. பழையதைக் காணோம்.

"எலி இழுத்துகினு பூட்டிருக்கும் நைனா" என்கிறான் வால்டர். நாலு முழத் துணியையா?

ஜனவரி 5

மீன்காரி இருதயம்மாள் வாசல்வரை வந்து திரும்பிவிட்டாள். ரங்கூனில் இருக்கும் மகன் அம்மாவின் படம் கேட்டு மூன்றாவது தடவையாக எழுதியிருக்கிறானாம். "ஆம்பள துணிக்குள்ள தலைய வுட்டுகினு என்னைப் பார்ப்பான், நான் பொம்மையாட்டம் நிக்கணுமா? போய்யா!" வால்டர் விழுந்து விழுந்து சிரித்தான். என் மனைவி ஃப்ளோரா அச்சடித்த படங்களை அலசிக்கொண்டிருந்தாள், அவள் சிரிக்கவில்லை.

அலமாரியில் பழைய லென்ஸும் இல்லை! இடது மூலையில் படம் மங்கும் என்று நான் ஓரம் கட்டிய லென்ஸ்தான். ஆனாலும் என் முதல் லென்ஸ். பூட்டு பூட்டியபடியே இருக்கிறது, சாவி ஆணியில் தொங்குகிறது. "நல்லா தேடிப் பாருங்க" என்று ஃப்ளோராவும் கட்டிலுக்கடியில் குனிந்து தேடினாள். பாவம், அவளுக்கு இடுப்பு வலி வேறு.

ஜனவரி 8

தொழில் தெரியாத திருடன் கடிகாரத்தை எடுப்பான். இவன் எடுப்பதெல்லாம் தனியாகக் கடை போடத் தேவையானவை. வால்டர் தண்டையார்பேட்டையில் ரூம் பார்ப்பதாகப் போன மாதம் யாரோ சொன்னார்களே — குடியிருக்கவா, கடை போடவா?

அவன் வெளியே போன நேரம் பையைத் தூக்கிப் பார்த்தேன். சோற்றுத் தூக்குதான் இருந்தது. சோறு இவ்வளவு கனக்குமா?

ஜனவரி 10

இருட்டறையின் சிவப்பு விளக்குகளில் ஒன்று காணாமல் போயிற்று.

ஜனவரி 12

காலையில் பிளேட்டுப் பெட்டியின் குறுக்கே தையல் நூலைக் கட்டி வைத்தேன். ஃப்ளோராவிடம் மட்டும் சொன்னேன். மாலையில் பார்த்தால் நூல் இருக்கிறது, முடிச்சு வேறு. என் முடிச்சைவிட நேர்த்தி. உள்ளே ஒரு டஜன் குறைகிறது.

வால்டருக்கு எல்லா வேலையும் நேர்த்தி.

ஜனவரி 13

கேட்டேன். கத்தினேன் என்பதே சரி. "எங்கேடா ஒளிச்சு வெச்சிருக்கே?"

அவன் ஒரு தரம் சமையலறைப் பக்கம் பார்த்தான். பிறகு, "எட்டு வருசம் நைனா. இன்னா வார்த்த பேசிட்டே நீ" என்றான். இருட்டறைச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

"கடைய இனிமே யாரு பார்ப்பா?" என்றாள் ஃப்ளோரா. பூட்டிவிட்டுப் போகிறேன் என்றேன். "ரெண்டரை மாசமா?" என்றாள்.

திருடன் ஒழிந்தான். எனக்கு ஏன் சோறு இறங்கவில்லை?

ஜனவரி 16, ஞாயிறு

பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் இருதயம்மாள் யாருக்கோ ஒரு படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். அவள் படம்தான். வாய் நிறையச் சிரிப்பு. இடது மூலை மங்கல். பின்னால் தெரிவது என் வீட்டுக் கொல்லைச் சுவர்!

"யார் எடுத்தது?"

"உன் பெஞ்சாதிதான், வேற யாரு? நாளைக்கு ரங்கூனுக்குத் தபால்ல போவுது."

நேரே வீட்டுக்கு வந்தேன். ஃப்ளோரா மறைக்கவில்லை. அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். பழைய லென்ஸை ஸ்டூடியோவின் சின்னக் காமிராவில் மாட்டி எடுத்திருக்கிறாள். ஒன்பது பெண்களின் படங்கள். அவர்களில் ஒருத்திகூட என் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. நன்றாக இருந்தன. இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நன்றாக இருந்தன.

"கேட்டா குடுத்திருப்பீங்களா?" என்றாள்.

"வால்டரைத் துரத்தும்போது வாயைத் திறந்திருக்கக் கூடாதா?"

"பயந்துட்டேன். எல்லாத்தையும் புடுங்கி வெச்சுடுவீங்கன்னு. அது தப்புதான்." பிறகு சொன்னாள்: "நீங்களும் வால்டரைத்தான் சந்தேகப்பட்டீங்க. இந்த வூட்ல தொழில் தெரிஞ்ச இன்னொரு ஆள் கீதுன்னு தோணவேயில்லையா?"

தோன்றவில்லை. பத்து வருஷமாக என் பிளேட்டுகளைத் திருத்துவது அவள். தோன்றவேயில்லை.

ஜனவரி 18

வால்டர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன், படகில் என்னோடு வரச் சொல்லியும் கேட்டேன். அவனுக்கு முன்பே எல்லாம் தெரியுமாம். "வெளக்குக்கு எண்ணெ ஊத்திக் குடுத்ததே நான்தான் நைனா. அக்கா வேலைய கெடுக்க மனசு வரல."

காப்பி கொடுத்தான். ஆனால் வரமாட்டேன் என்றுவிட்டான். "போய்ட்டு வா. இப்ப உன் மூஞ்சிய பார்த்தா எனக்கு அந்தப் பேச்சுதான் ஞாபகம் வருது." தண்டையார்பேட்டை ரூம் கல்யாணத்துக்காம். பெண் பார்த்திருக்கிறார்கள். என்னிடம் சொல்ல நல்ல நாளுக்காகக் காத்திருந்தானாம்.

வந்ததும் ஸ்டூடியோ சாவியையும் இருட்டறைச் சாவியையும் ஃப்ளோராவிடம் கொடுத்தேன். இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். நேர்த்தியான முடிச்சு.

ஜனவரி 20

எண்ணூர். பெட்டிகளை நானும் படகுக்காரரும் ஏற்றினோம். முதல் மதகில் காமிராவை நிறுத்திவிட்டுக் கருப்புத் துணியை எடுத்தேன். வைத்தது புதிது, இருந்தது பழையது! கிழிசலைத் தைத்து மடித்து வைத்திருக்கிறாள். கடைக்கு நல்லது வேண்டும் அல்லவா?

தலையை உள்ளே விட்டேன். ஃப்ளோராவின் தலை எண்ணெய் வாசம்.

யார் எடுத்தது என்று இந்த முறை யாரையும் கேட்கவில்லை. வால்டர் பக்கத்தில் இருந்திருந்தால், "எலிதான் நைனா" என்றிருப்பான்.