எந்த ஏர்போர்ட்?

ஆகஸ்ட் 12, செவ்வாய்.

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. காலையில் முதலாளி, “ஏர்போர்ட் போயி சரக்கு வாங்க வர்ற சென்னை பையரைக் கூட்டிட்டு வந்துருங்க” என்றார். இத்தனை வருடமாக அவர் ஏர்போர்ட் என்றால் அது கோயமுத்தூர்தான். அங்கே போய் நின்றேன். பையரோ சேலத்தில் இறங்கியிருந்தார். போன் போட்டால், “அப்படியே சேலம் போயிருங்க, ஒரு மணி நேரந்தானுங்க” என்கிறார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தால் தெரியும். பெருந்துறை, பவானி, சங்ககிரி தாண்டி மூன்று மணி நேரம். ஒரு டீக்குக்கூட நிறுத்தவில்லை. காத்திருந்து கடுப்பான பையர் வழியெல்லாம் வாட்ச்சையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கம்பெனி வாசலில் முதலாளி அவரிடம் கைகூப்பினார். “மன்னிச்சுக்குங்க. புது டிரைவருங்க, ஏர்போர்ட் மாறிப் போயிட்டாரு.”

நான் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன்.

முதலாளி மகளைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் இந்தப் புது டிரைவர்தான். அந்தக் குழந்தை இப்போது நான்காம் வகுப்பு படிக்கிறது.