வைத்தியருக்கு என்ன பங்கு?

10 பெப்ரவரி 1991, ஞாயிறு

பனி கொட்டியும் ஆட்டம் நிற்கவில்லை. இல்ஃபோர்டில், ஆனந்தராஜா அண்ணையின் பிளாட்டில். மேசையைச் சுற்றி இருந்து கதையாக விளையாடும் ஆட்டம்; கதையை நடத்துவது அவர். மற்ற மூவரும் கதைக்குள் ஆட்கள்: கிறிஸ்துராஜா அண்ணை வாள்வீரர், மெட்ராஸ்காரர் சேஷாத்ரி மந்திரவாதி, நான் வைத்தியர். டைஸை உருட்டி உருட்டி ஒரு பூதத்தை விழுத்தினோம். அதன் குகையில் பொற்காசுகள், ஒரு மந்திர வாள், போட்டால் பறக்கிற சப்பாத்து.

எல்லாவற்றையும் கிறிஸ்துராஜா அண்ணை அள்ளிக்கொண்டார். "அடிச்சவருக்குத்தான் பங்கு" என்கிறார். சாகக் கிடந்தவருக்கு உயிர் கொடுத்தது ஆர்? நான் என்ன, பராக்குப் பார்க்கவோ போனனான்?

விளையாட்டுத்தானே என்று தங்கச்சி சிரிக்கிறாள். கிழமை முழுக்கக் கடைத் தில்லில் காசு வாங்கிப் போட்டபடி இருந்து எல்லாருக்கும் "சொறி" சொல்கிறவள் நான். அந்த ஒரு பின்னேரமாவது என்னையும் ஒரு ஆளாக மதிக்க வேண்டாமா?

12 பெப்ரவரி

இன்னும் ஆறவில்லை. போகாமல் விட்டுவிடலாமா? விடமாட்டன்.

16 பெப்ரவரி, சனி

அம்மாவோடு தவநாயகி அன்ரி வீட்டில் மாதாமாதம் காசு கட்டும் சீட்டுக்குப் போனேன். காசு அவசரமான ஒருவர், சேர்ந்த தொகையில் ஆகக் கூடிய கழிவு கூறி, சீட்டை எடுத்தார். அந்தக் கழிவை மற்றவர்கள் பங்கு போட்டார்கள். எடுத்தவருக்கும் சந்தோஷம், எடுக்காதவர்களுக்கும் சந்தோஷம். ரோல்ஸைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன் — அட, இதுதானே!

17 பெப்ரவரி, ஞாயிறு

வென்றேன்!

இன்றைக்கு ஓநாய்க் கூட்டம். கிறிஸ்துராஜா அண்ணை குற்றுயிராகக் கிடந்தார். "வதனா, கெதியா மருந்து போடும்."

"அடிச்சவருக்குத்தான் பங்கெண்டால், அடி வாங்கினவரே மருந்தும் போடட்டும்."

ஆனந்தராஜா அண்ணை தேத்தண்ணியைத் துப்பாத குறை. "ஆமா, நியாயம்தானே. நானும் மந்திரம் சொல்ல மாட்டேன்" என்றார் சேஷாத்ரி. எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

"சரி, சரி, என்னெண்டு பிரிக்கிறது? சொல்லும்!" என்றார் வாள்வீரர்.

சொன்னேன். குகையில் எடுத்ததெல்லாம் நடுவுக்கு வர வேண்டும். பொற்காசு மூவருக்கும் சரிசமம். பொருட்களுக்கு, சீட்டில் போல, ஏலம் கூறல். ஆகக் கூடிய காசு கூறுகிறவருக்குப் பொருள். அவர் கூறிய காசு மற்ற இருவருக்கும். கிறிஸ்துராஜா அண்ணை தலையாட்டியதும் மருந்து போட்டேன்.

வாளுக்கு அவர் கையிலிருந்த அத்தனை காசையும் கூறினார். அதில் பாதி என்னிடம் வந்தது! சப்பாத்துக்குச் சேஷாத்ரியும் நானும் மோதினோம். விட்டேனா? எனக்கே. நான் கூறிய காசில் தன் பங்கு வந்தபோது கிறிஸ்துராஜா அண்ணையின் முகத்தைப் பார்க்க வேண்டும். "எனக்குமோ?" என்று இரண்டு தரம் கேட்டார்.

ஓம், உங்களுக்கும்தான்.

18 பெப்ரவரி

தில்லில் இருந்து விசிலடித்தேன். மனேஜர் பார்த்தார். பார்க்கட்டும்.

14 ஜூலை, ஞாயிறு

ஆட்டத்தில் புதிதாகப் பெர்னடெற். அவருடைய ஆள் விளக்கோடு முன்னால் நடக்கும் வழிகாட்டி. கையில் கத்தி கூட இல்லை. நிலவறையில் ஒரு பச்சைக்கல் மோதிரம் கிடைத்தது. அணிந்தவரை நஞ்சு தீண்டாது. நான் ஆசையோடு கூறத் தொடங்கினேன். பெர்னடெற் டைஸை அடுக்கத் தொடங்கினார்.

"நீர் கூறேல்லையோ?" என்றார் கிறிஸ்துராஜா அண்ணை.

"நான் ஒருத்தரையும் அடிக்கேல்லையே அண்ணை."

"அதுக்கென்ன பிள்ளை? வழி காட்டினது நீர்தானே. பயப்பிடாமல் கூறும்."

மெல்லிய குரலில் கூறினார். நான் ஏற்றினேன். அவரும் ஏற்றினார், இந்த முறை சத்தமாக. பிறகும் ஏற்றினார். என் காசு முடிந்துவிட்டது.

மோதிரம் அவருக்குத்தான். முதலில் கை தட்டியது நான்.