ஆஃப் பண்ணாமல் திறக்கும் கதவு

ஐப்பசி 9, வியாழன்

காலையிலிருந்து தூறல். மொரப்பூரில் என் வெல்டிங் பட்டறை இன்றும் பூட்டு. தங்கச்சி மாப்பிள்ளை போய்ச் சேர்ந்து பதினோரு நாள். பென்னாகரம் பஸ் பிடித்துத் தங்கச்சி ஊருக்கு. தக்காளிக் கொல்லையில் அவரைக் கரண்டு அடித்த மோட்டார் சுவிட்ச் பெட்டியைப் பார்க்க ஒரு மின்துறை அதிகாரி வருகிறாராம்.

வந்தார். கதவை ஆட்டினார். கொண்டியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே டார்ச் அடித்தார்.

"கம்பெனிப் பெட்டின்னா சுவிட்ச ஆஃப் பண்ணுனாத்தான் கதவே தெறக்கும்ங்க. அந்தப் பூட்டுக் கம்பிய அறுத்துட்டு டிராக்டர் டிப்பர் கொண்டிய வெச்சிருக்காங்க. கரண்டு ஓடறப்பவே தெறக்குது. விதிப்படி செல்லவே செல்லாது. யாரு பண்ணுனது?"

"தெரியலைங்க. அவருதான் எங்கியோ குடுத்து மாத்தியாந்தாரு" என்றாள் தங்கச்சி மல்லிகா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. சீ, நானும் ஒரு மனுஷன்.

வெள்ளி

மழை இல்லை. வெல்டிங் ராடு வாங்கணும். கேஸ் கட்டர் ஓஸ் ஒழுகுகிறது.

மாப்பிள்ளை பேசியது அப்படியே காதில். "மச்சான், மோட்டார் சும்மா சும்மா ட்ரிப் ஆவுது. ஒவ்வொரு தபாவும் ஆஃப் பண்ணி, தெறந்து, பட்டன அமுக்கி, மறுபடி மூடி... மும்முனைக் கரண்டு வர்றதே கொஞ்ச நேரம். தக்காளி காயுது மச்சான்."

அரை மணி நேர வேலை. டீ குடித்துக்கொண்டே பூட்டுக் கம்பியை அறுத்துக் கொண்டியை வைத்தேன். பிரமாதம் என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். அவர் பெட்டியைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். அவர்களுக்கும் அதே கொண்டி. விதி கிதி என்று எவனும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அன்றைக்கு மழையில் ஈரக் கையை உள்ளே விட்டுப் பட்டனைத் தேடியிருக்கிறார், பாவி மனுஷன்.

சனி

மல்லிகா போன். "புதுப் பெட்டி வெச்சாச்சுண்ணா. பழைய கதவ நானே வெச்சிருக்கேன். அந்தப் படுபாவி எவன்னு நீதான் கண்டுபுடிக்கணும். வெல்டு பாத்தே எந்தப் பட்டறைன்னு சொல்லுவியேண்ணா."

சரி என்றேன். என்ன சரி?

ஞாயிறு

வெயில். பத்து மணிக்குப் பட்டறை வாசலில் மல்லிகா. கதவைப் பழைய துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்திருக்கிறாள். மாப்பிள்ளையின் துண்டு.

"பாருண்ணா."

பார்க்க என்ன இருக்கிறது? வெல்டு முடிகிற இடத்தில் ரெண்டு பொட்டு வைப்பது என் பழக்கம். ரெண்டும் இருந்தது.

"நாந்தான் மல்லிகா. நாந்தான் வெச்சுக் குடுத்தேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். என் தலைக்கு மேலே சுவரையே பார்த்தாள். ஆணியில் அதே கொண்டிகள், அடுத்து வருகிறவர்களுக்குச் செய்து வைத்தவை.

"இன்னும் எத்தன வூட்டுக்கு மாட்டிக் குடுத்திருக்க?"

"ஏழு."

"எந்திரி. இன்னிக்கே கழட்டணும்."

கூடவே பஸ் ஏறினாள். முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். ஏழு வீட்டிலும் நான் கழட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். ஒரு தடவைகூட அண்ணா என்று கூப்பிடவில்லை.