பெப்பே சொன்ன 'ஃபவொரிஸ்கா'

நேமத்தான்பட்டி
விபவ வருடம், கார்த்திகை 8

ரங்கூன் கடையில் வேலை பார்க்கும் மகன் மருதுவுக்கு உன் அய்யா செம்மலை தன் கையாலேயே எழுதுவது.

நானும் உன் அம்மாவும் தங்கை அக்கம்மாளும் சுகம். என் கோபமும் சுகமாகத்தான் இருக்கிறது. ஆறு மாதமாகியும் அதற்கு ஒரு குறைவும் இல்லை.

கையெழுத்தைப் பார்த்து வேறு யாரோ என்று நினைக்காதே. முன்பு நமக்குக் கடிதம் எழுதித் தந்த காஜா மைதீனிடமே ஆனி மாதம் முதல் எழுத்துப் படித்தேன். இந்த விஷயத்தை அவரிடம் சொல்லி எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வரிக்கு அரை நாழிகை ஆகிறது. ஆனாலும் உன் பெயரை எழுதி முடித்ததும் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று எழுத்து, மூன்றும் நேராக நிற்கின்றன. அதோடு சந்தோஷம் முடிந்தது.

உன் முதலாளி செட்டியாரின் புது வீட்டில் பளிங்குக்கல் பதிக்க இத்தாலி தேசத்திலிருந்து பெப்பே என்பவர் வந்திருந்தார். அவருக்கு நான்தான் சுண்ணாம்பு குழைத்துக் கொடுத்தேன். ஒன்றரை வருடம் ஒரே நிழலில் சாப்பிட்டோம். நீராகாரச் செம்பை உயர்த்தி 'சலூத்தே' என்பார். உடம்பு சுகமாக இருக்கட்டும் என்று அர்த்தமாம். எங்களோடு வேலை பார்த்த வீரணன், "என்னய்யா, கஞ்சிக்கெல்லாம் சத்தியம் பண்றாரு" என்று சிரிப்பான். உன் அம்மா குழம்பு ஊற்றினால் போதும் போதும் என்று 'பஸ்தா, பஸ்தா' சொல்லி இரு கையாலும் மறிப்பார். அவளோ, "கல்லுத் தூக்குறவுக இம்புட்டுத் தின்னா பத்துமா" என்று இன்னோர் அகப்பை ஊற்றுவாள். காரத்தில் கண்ணீர் வழிய, 'கிராட்சியே' என்று நன்றி சொல்லித் தின்பார்.

அவர் சாப்பிடும்போது யார் வந்தாலும், கல் சுமக்கிறவனே வந்தாலும், 'ஃபவொரிஸ்கா' என்பார். சாப்பிட வாருங்கள் என்று அர்த்தம். வந்தவன் உட்காரமாட்டான். 'புவோன் அப்பெத்தீத்தோ', நன்றாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். நம் ஊர் வழக்கமேதான். "சாப்பிட வாங்க" என்றால் "இப்பத்தான் ஆச்சு, நீங்க சாப்பிடுங்க" என்கிறோமே. கூப்பிடுவதால் இலையில் சோறு குறைந்துவிடாது. பகையாளியைத்தான் கூப்பிடாமல் விடுவோம்.

வைகாசியில் அந்த வீட்டில் குடிபுகுந்தார்கள். நீ முதலாளியோடு வந்தாய். வீட்டின் இரண்டாம் கட்டில், பந்தியில் ரங்கூன் ஆட்களோடு இலைமுன் உட்கார்ந்திருந்தாய். நீ சாப்பிடுவதைப் பார்க்கலாமென்று நான் நிலைப்படியில் வந்து நின்றேன். என் காலெல்லாம் சுண்ணாம்பு. நீ பார்த்தாய். பார்த்துவிட்டு இலையில் குனிந்துகொண்டாய். பக்கத்தில் இருந்தவர், "பெரியவரே, யாரைத் தேடுறீக?" என்று கேட்டார். அப்போதும் நீ நிமிரவில்லை. எனக்குப் பசி இல்லையடா. "வாங்கய்யா" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், "ஆச்சுப்பா" என்று போயிருப்பேன்.

பின்கட்டில் பெப்பே தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். நகர்ந்து உட்கார்ந்து அந்தச் சொல்லைச் சொன்னார். வழக்கப்படி நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. உட்கார்ந்து அவர் பிட்டுக் கொடுத்த ரொட்டியைத் தின்றேன்.

உன் அம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

தை இருபதில் அக்கம்மாளுக்குக் கல்யாணம். கப்பல் ஏறி வா. கூட்டாளிகளையும் அழைத்து வா. நான் யாரென்று கேட்டால் அவர்களுக்குச் சொல். பந்தியில் என் பக்கத்தில் உட்கார். நீ வராவிட்டாலும் அந்த இடத்தில் இலை போடச் சொல்வேன், வேறு யாரையும் உட்கார விடமாட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மழையில் நனையாதே. காளையார்கோவில் சாமி உனக்குத் துணை இருக்கட்டும்.

கோபம் தீராத உன் அய்யா,
செம்மலை