எழுதாமல் விட்ட ஒரு வரி

நெப்ராஸ்கா
மார்ச் 9, 1980

அன்பு மகள் கிர்ஸ்டனுக்கு அம்மா எழுதுவது. அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், அப்பா மூன்று வேளையும் சாப்பிடுகிறார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு வலது கை இன்னும் தூக்க வரவில்லை, பேச்சு மட்டும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, அதுவும் என்னைத் திட்டுவதற்கென்றே திரும்பியதுபோல. கோழிக்குத் தீனி போடப் போனால்கூட "ஐனா, எங்க போனே?" என்று கூப்பாடு. பனி கொட்டிப் பன்னிரண்டு நாள் சாலை அடைபட்டுக் கிடந்தது. சாலையைத் திறந்துவிட்டார்கள், ஆனாலும் நான் எங்கும் போகவில்லை, எங்கே போவது? சமையலறை ஜன்னல், அப்பாவின் நாற்காலி, திரும்ப ஜன்னல்.

நீ போன கடிதத்தில் கேட்டாயே, அந்தச் சான்றிதழ் வந்துவிட்டது. நான் போர்க்காலத்தில் ராணுவ விமானம் ஓட்டியது உண்மைதான், நானும் படையில் இருந்தவள்தான் என்று முப்பத்தைந்து வருஷம் கழித்து அரசாங்கம் ஒத்துக்கொண்டு ஒரு தாள் அனுப்பியிருக்கிறது. அப்பா அதை இடது கையால் வாங்கிப் பார்த்துவிட்டு "இத மாட்டுக்கா காட்டப்போறே?" என்றார். உனக்குத்தான் தெரியுமே, காது சரியில்லை என்று அவரைப் படையில் சேர்க்கவில்லை, அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. முன்னாள் படைவீரர் சங்கத்து ஹார்லன் இருக்கிறானே, நாற்பத்தாறில் நான் அங்கே போனபோது "சமையல் பின்பக்கம் நடக்குது, அங்க போங்க" என்று வழி காட்டியவன், அவனே இப்போது தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, மே மாதம் போரில் இறந்தவர்களின் நினைவு நாளன்று மேடையில் உட்கார வேண்டும் என்றான். அப்பாவுக்கு முடியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பாதிப் பொய் கிர்ஸ்டன். மீதியை உன்னிடம்கூட நான் சொன்னதில்லை.

என்னோடு ஓப்பல் என்று ஒருத்தி இருந்தாள், அயோவாக்காரி. கடலோரத்தில் ஒரு முகாம். பீரங்கிக்காரப் பையன்கள் சுட்டுப் பழக, விமானத்தின் பின்னால் நீளத் துணியைக் கட்டி இழுத்துக்கொண்டு பறப்பது எங்கள் வேலை. ஆண் விமானிகள் வேண்டாம் என்று ஒதுக்கிய கிழட்டு விமானங்கள்தான் எங்களுக்கு. நாற்பத்து நான்கு ஆகஸ்டில் ஒருநாள் காலையில் நான் ஓட்டிய விமானத்தில் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடி மூடியின் கொக்கி சிக்கிக்கொண்டது. உள்ளேயிருந்து திறக்க வரவில்லை, இறங்கிய பிறகு மெக்கானிக் வெளியே ஏறி நெம்பித்தான் என்னை எடுத்தார். இறங்கியதும் பழுதுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் ஒரு பெண் மூன்று பழுதுகளை எழுதினாள், அதிகாரி எங்கள் எல்லோர் முன்னாலும் "பயமாயிருந்தா வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவு" என்று சொல்லி விமானிகள் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டார். எனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று பயம். மெக்கானிக்கிடம் வாயால் சொன்னேன், அவர் "பாத்துக்கறேம்மா" என்றார், நான் குளிக்கப் போய்விட்டேன். மத்தியானம் அதே விமானத்தை ஓப்பல் எடுத்திருக்கிறாள். இறங்கும்போது இன்ஜின் நின்று, மரங்களில் மோதித் தீப்பிடித்துவிட்டது. மோதி அவள் சாகவில்லை கண்ணு. உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டினாள். எங்களால் கிட்டே போக முடியவில்லை.

நாங்கள் படையைச் சேர்ந்தவர்கள் இல்லை என்பதால் அவள் சவப்பெட்டிமேல் தேசியக் கொடி போர்த்தக்கூடாது என்றார்கள். பெட்டியோடு அயோவாவுக்குப் போக என்னைத்தான் கேட்டார்கள், உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டேன். விசாரணையில் ஓட்டியவரின் தவறு என்று எழுதினார்கள். அதைக் கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது ஓப்பல் பேருக்கும் அதே தாள் போயிருக்கிறது. அவள் தம்பி கிளெம் என் விலாசத்தை எப்படியோ கண்டுபிடித்து, கல்லறைக்குப் புதுக் கல் வைக்கிறோம், அக்கா கடைசியாக எப்படி இருந்தாள் என்று சொல்ல ஆள் இல்லை, வாருங்கள் என்று எழுதினார். என்னால் நகர முடியாது என்று பதில் போட்டேன். மனுஷர் போன மாதம் வண்டியை எடுத்துக்கொண்டு இந்தச் சமையலறைக்கே வந்துவிட்டார். எனக்கு ஓடி ஒளிய இடமில்லை. அப்பா நாற்காலியில் கேட்டுக்கொண்டிருக்க, கொக்கியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். கிளெம் "எங்கம்மா கடைசிவரைக்கும் ஓப்பல்தான் அவசரப்பட்டுட்டான்னு நினைச்சுக்கிட்டே போய்ச் சேர்ந்தாங்க. ஒரு வரி எழுத உங்களுக்கு முப்பத்தஞ்சு வருஷம் பத்தலியா?" என்றார். காபியைத் தொடாமல் எழுந்தவர் வாசலில் நின்று, என்னைப் பார்க்காமலே, "மே முப்பதாம் தேதி கல் வைக்கிறோம். இப்ப எங்கிட்ட சொன்னத அங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் உங்கள ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கஞ்சி ஊட்டும்போது அப்பா "போகாத. உன்னைக் கொலைகாரின்னுவாங்க" என்றார். சொல்லட்டும் என்றேன். "நான் என்ன பண்ணுவேன்?" என்றார். என் கையைப் பிடித்தவர் விடவேயில்லை.

மே கடைசியில் நீ நாலு நாள் வர முடியுமா? வந்தால் நல்லது. முடியாது என்றாலும் மனதில் போட்டுக்கொள்ளாதே, பக்கத்துப் பண்ணை ஹில்டாவிடம் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அவளைக் கண்டால் அப்பாவுக்கு ஆகாது, கத்துவார், தட்டைத் தள்ளிவிடுவார். கத்தட்டும். நான் போகிறேன். நடந்ததைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கிளெமுக்கு அனுப்பியாகிவிட்டது, இனி விழுங்க முடியாது.

குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நீண்ட நாள் நன்றாயிருக்க ஆண்டவர் துணை இருப்பார். மாப்பிள்ளையிடம் வண்டியின் பிரேக்கைப் பார்க்கச் சொல்கிறேன் என்றாயே, இன்றைக்கே சொல், வாயால் சொன்னால் போதாது, அவர் போய்ப் பார்க்கிற வரை விடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ஐனா