குடிப்பவர்கள் கொடுத்த மனு

உங்கள் பதினாறாம் நாள் காரியத்தில் நான் படையலைக் காலால் எட்டி உதைத்தேன் என்று கள்ளிக்குப்பத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். எனக்கு எழுபது வயதாகிறது. முழங்கால் சரியாக மடங்குவதில்லை. உதைக்க நினைத்தாலும் என்னால் முடியாது.

நடந்தது இதுதான். உங்கள் படத்துக்கு முன்னால் இலை போட்டு சோறு, வறுத்த மீன், வடை, ஒரு கட்டு பீடி எல்லாம் வைத்திருந்தார்கள். உங்கள் மனைவியின் தம்பி சட்டைக்குள்ளிருந்து ஒரு குவார்ட்டர் பிராந்தியை எடுத்தார். மூடியைத் திருகிவிட்டு இலை ஓரமாக வைத்தார். "மாமாவுக்கு ரொம்பப் புட்ச்சது" என்றார். ஊதுபத்தி வாசனையைத் தாண்டி அந்த நெடி என் மூக்கில் ஏறியது. உங்கள் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். வேறு யாரும் அசையவில்லை. நான் எழுந்து போய்ப் பாட்டிலை எடுத்தேன். மூடியைக் கேட்டு வாங்கி இறுக்கினேன். வாசற்படிக்கு வெளியே கொண்டுபோய் வைத்தேன். "அவர் இதை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு. செத்த பிறகு அவர்மேல பொய் சொல்லாதீங்க" என்றேன். ஒரு பருக்கை சோறுகூடச் சிந்தவில்லை.

இன்னொன்றும் சொல்கிறார்கள். கம்பெனி அம்மா ஊசியால் குத்தி உங்களைத் திருத்தினாள் என்று. இது உதைத்த கதையைவிடப் பெரிய பொய். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் கணவர் இறந்து மூன்றாவது மாதம் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் நடத்திவந்த நம் பிரஸ் கம்பெனிக்கு வர ஆரம்பித்தேன். அதுவரை எனக்குத் தெரிந்த இயந்திரம் தையல் மிஷின் ஒன்றுதான். ஆறு பவர் பிரஸ், இருபத்திரண்டு ஆட்கள், எல்லாருக்கும் மேலே ஃபோர்மேனாக நீங்கள். வாஷர் அடித்துக் கொடுக்கும் வேலை. வலது கை தகட்டை டை என்ற அச்சுக்குள் வைக்கும், கால் பெடலை மிதிக்கும், மேலிருந்து ராம் என்ற இரும்புத் தலை இறங்கும். கைக்கும் காலுக்கும் கணக்குத் தப்பினால் விரல் தகட்டோடு போய்விடும். உங்கள் இடது கையில் சுண்டு விரலும் அதற்கடுத்ததும் இல்லாததை நான் முதல் நாளே கவனித்தேன். கேட்கவில்லை.

நான் வந்த இரண்டாவது மாதம், ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணி இருக்கும், மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் ஒருவருடைய வலது கையில் மூன்று விரல்கள் போயின. வெள்ளானூரிலிருந்து சைக்கிளில் வருகிறவர், இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பன். அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவர் வாயில் சாராய வாடை இருந்தது. எஸ்டேட் ரோட்டு முனையில் இருந்த சாராயக் கடை விடியற்காலையிலேயே திறந்துவிடும். ஷிப்டுக்கு வருகிற ஆட்கள் சைக்கிளில் இருந்து ஒரு காலை மட்டும் ஊன்றி, ஒரு கிளாஸ் வாங்கி ஊற்றிக்கொண்டு வருவார்கள். எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்குத்தான் தெரியாது.

மறுநாளே நான் கேட்டில் நின்றேன். ஒவ்வொருவரையும் வாயைத் திறந்து ஊதச் சொன்னேன். ஒரு வாரம்தான். அதற்குள் எல்லாரும் கிராம்பு, வெற்றிலை, பச்சை வெங்காயம் என்று மென்றுகொண்டு வந்தார்கள். "அம்மா மூஞ்சில ஊதி ஊதியே என் பல்லு சுத்தமாயிடுச்சு" என்று ஒருவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. அப்போதுதான் ஊசியைக் கொண்டுவந்தேன். கான்வென்டில் தையல் வகுப்பில் சிஸ்டர் எங்களை நிற்கவைத்து, ஒரே முயற்சியில் ஊசியில் நூல் கோர்க்கச் சொல்வார். கை அமைதியாக இல்லாதவள் அன்று துணியைத் தொடக்கூடாது. அதே விதியை இங்கே போட்டேன். கண்மேல் பழி சொல்லக்கூடாது என்று பெரிய துவாரம் உள்ள எம்பிராய்டரி ஊசி. மூன்று தடவைக்குள் கோர்க்காதவர் அன்று வீட்டுக்குப் போக வேண்டும்.

"இன்னாம்மா, பிரஸ் கம்பெனின்னு சேந்தா டைலர் கடையாயிடுச்சே" என்றார்கள். "நைனா, ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கணுமா?" என்று ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டார்கள். எனக்கு ஊசியம்மா என்று பெயரும் வைத்தார்கள். ஆனால் எல்லாரும் கோர்த்தார்கள். அதுதான் எனக்குப் பெருமையாக இருந்தது. நான் குடியை ஒழித்துவிட்டேன் என்று என் தங்கைக்குக் கடிதம்கூட எழுதினேன். உண்மையில் எதை ஒழித்தேன் என்று நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள்.

விரல் போனவர் ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்குத் திரும்பினார். பேக்கிங்கில் உட்கார வைத்தேன். மதியம் அவர் இடது கையால் சோற்றைப் பிசைய முடியாமல் டிபன் பாக்ஸை மூடி வைத்ததை நீங்கள் எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். அதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அடுத்த திங்கட்கிழமை காலை உங்கள் முறை வந்தது. உங்கள் கை நடுங்கியது. நூல் ஊசியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது. முதல் தடவை, இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. வரிசையில் சிரிப்புச் சத்தம். உங்களுக்கு முன்னால் ஒரே முயற்சியில் கோர்த்துவிட்டுப் போன முதல் நம்பர் பிரஸ்காரர் திரும்பிப் பார்த்து, "அண்ணாத்தே, ராத்திரி ரொம்ப ஜாஸ்தியா?" என்றார்.

நான் சொன்னதை இன்றைக்கும் ஒரு வார்த்தை மறக்கவில்லை. "ஃபோர்மேனே இப்படிக் குடிச்சிட்டு வந்தா, மத்தவங்களை நான் எந்த முகத்தோட கேக்கறது? வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

நீங்கள் ஊசியை மேசைமேல் வைத்தீர்கள். "குட்ச்சிருந்தா கை நின்னுருக்கும்மா" என்றீர்கள். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனீர்கள்.

அதை நான் திமிர் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் உங்கள் மனைவி கம்பெனி வாசலில் நின்றார். வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து நீங்கள் ஒரு சொட்டுத் தொடவில்லையாம். ஞாயிற்றுக்கிழமையே கை உதறத் தொடங்கியதாம். திங்கள் சாயங்காலம் சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று கத்திக்கொண்டு துடைத்தீர்களாம். வலிப்பு வந்து, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். "உங்க ஊசியப் பாத்துதாம்மா பயந்துச்சு அது. குட்ச்சாதான் நூல் கோக்க முடியுதுன்னு சொல்லி அழுவும்" என்றார் உங்கள் மனைவி.

நான் உடனே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே கட்டில் இல்லை. தரையில் பாய் போட்டு, கையையும் காலையும் துணியால் கட்டியிருந்தார்கள். டாக்டர் இளம்பெண். பொறுமையாகச் சொன்னார். வருஷக்கணக்காகக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும், உயிருக்கே ஆபத்து, மருந்து கொடுத்துப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டுதான் நிறுத்த வேண்டும் என்றார். "காலைல ஒரு கிளாஸ் ஊத்துனா நடுக்கம் நின்னுடும். அதனாலதான் ஊத்துறாங்க" என்றார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஆறு வாரமாக நான் நடத்திய பரீட்சையில், வழியில் குடித்துவிட்டு வந்தவர்கள் எல்லாரும் தேறியிருக்கிறார்கள். குடியை நிறுத்திவிட்டு வந்த ஒரே ஆளை நான் வெளியே அனுப்பியிருக்கிறேன்.

மூன்று நாள் நீங்கள் பிழைப்பீர்களா என்று தெரியவில்லை. நான்காம் நாள் கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டீர்கள். நான் யாரிடமும் எளிதில் மன்னிப்புக் கேட்கிறவள் இல்லை. அன்று கேட்டேன். நீங்கள், "ஊசி இருந்தா குடும்மா, இப்ப கோத்துப் பாக்கறேன்" என்றீர்கள். பக்கத்துப் பாயில் படுத்திருந்தவர்கூடச் சிரித்தார்.

வேலைக்குத் திரும்பியதும் நமக்குள் சண்டை. கடையை அடியோடு மூடச் சொல்லி நான் ஒரு மனு எழுதி வைத்திருந்தேன். நீங்கள் அதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டவில்லை. "மூடுனா ஓட்டேரிக்குப் போவான், இல்ல ஏரிக்கரைல கள்ளத்தனமா காச்சறதக் குடிப்பான். போவ முடியாதவன் என்ன மாதிரி எறும்பு பாப்பான். மொதல்ல காலைல தொறக்காத பண்ணும்மா. வேலைக்கு வர்ற வழியில கடை கண்ணுல படக்கூடாது. அம்புட்டுதான்." கடைக்குக் காலை நேர அனுமதியே கிடையாது என்பது நான் விசாரித்தபோதுதான் தெரிந்தது. பகலில்தான் திறக்க வேண்டும் என்று உரிமத்தில் இருந்தது. யாரும் கேட்டதில்லை, அவர்களும் மதித்ததில்லை.

மனுவில் பெண்களிடம் கையெழுத்து வாங்கலாம் என்றேன். "பொம்பளைங்க குடுத்தா ஆபீசரு வழக்கம்போல வாங்கி வச்சுக்குவான். குடிக்கறவன் குடுக்கட்டும்" என்றீர்கள். விடியற்காலையில் அந்தக் கடை பெஞ்சிலேயே போய் உட்கார்ந்தீர்கள், கையில் காகிதமும் மைப்பெட்டியும் வைத்துக்கொண்டு. நான் எதிரே டீக்கடை ஓரம் நின்றேன், எனக்கு நம்பிக்கை இல்லாததால். முதலில் குடிக்க வந்தவர் உங்களைப் பார்த்துச் சைக்கிளை நிறுத்தினார்.

"இன்னா அண்ணாத்தே, இங்க வந்துகினு டீயா குடிக்கறே?"

"கையெழுத்துப் போடு மாமே. காலைல இந்தக் கடை தொறக்கக் கூடாதுன்னு."

"நானே குடிக்க வந்துகீறேன், என்னையே போடச் சொல்றியே. குடிகாரன் கையெழுத்து செல்லுமா?"

"குட்ச்ச பின்னாடி போட்டாச் செல்லாது. அதுக்கு முன்னாடி போடு."

அவர் உங்கள் எட்டு விரல்களைப் பார்த்தார். தன் கையையும் பார்த்தார். போட்டார். அதன் பிறகுதான் கிளாஸை எடுத்தார். இரண்டு வாரத்தில் பக்கத்துக் கம்பெனிகளிலிருந்தும் ஆட்கள் வந்து போட்டார்கள். கையெழுத்தும் கைநாட்டுமாக நான்கு தாள். நடுக்கத்தில் பல எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தன. அழகாகத் திருப்பி எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றீர்கள். அப்படியே போகட்டும் என்றீர்கள்.

கலால் அலுவலகத்தில் அதிகாரி மனுவைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "வாடிக்கையாளர்களே கடையைத் திறக்காதேன்னு கேக்கறீங்க. போகாம இருந்துட்டா முடிஞ்சுதே. எதுக்குய்யா மனு?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "காலைல மனசு கேக்கறதில்ல சார், கை கேக்குது. கடை வழியில இருந்தா கை ஜெயிச்சுடும். மூடியிருந்தா நாங்க கம்பெனிக்குப் போயிடுவோம். மத்தியானம் வரைக்கும் கை மெஷின்ல இருக்கும் சார். அந்த நேரத்த மட்டும் எங்களுக்குக் குடுங்க."

அவர் சிரிப்பதை நிறுத்தினார். நான்காவது தாளின் கோணல் எழுத்துகளை மறுபடியும் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கடைக்குப் பூட்டு. சைக்கிள்கள் முனையில் ஒரு நிமிடம் தயங்கி, மணியடித்துக்கொண்டு நேராக வந்தன. ஏழரை மணிக்கு கேட்டில் இருபத்திரண்டு பேரும் நின்றார்கள். ஒன்பது பேருக்குக் கை நடுங்கியது. அவர்களில் ஒருவரையும் நான் வீட்டுக்கு அனுப்பவில்லை. அது நீங்கள் போட்ட விதி: நடுங்கும் கை முழுச் சம்பளத்தோடு பேக்கிங்கில் உட்காரட்டும், வாரம் ஒரு நாள் டாக்டரிடம் போகட்டும். முதல் நம்பர் பிரஸ்காரர்தான் முதலில் போய் உட்கார்ந்தார். உங்களைப் பார்த்து, "நானும் எறும்பு பாக்கப் போறேன் அண்ணாத்தே" என்றார். அவர் பார்க்கவில்லை. மருந்தோடு நிறுத்தினார்.

அன்றிலிருந்து நான் கம்பெனியை விற்றது வரை ஒரு விரல்கூடப் போகவில்லை. இதை நான் எந்த மேடையிலும் தலை நிமிர்ந்து சொல்வேன். நீங்கள் ஒரு நாள் உறங்கும்போது மாரடைப்பில் போனீர்கள். கல்லீரல் அல்ல, குடல் புண் அல்ல, மாரடைப்பு. நீங்கள் இருந்தபோது கடைசியாக உங்களைப் பரிசோதித்த டாக்டர் கல்லீரல் நன்றாக இருந்ததாகச் சொன்னபோது, என் பிள்ளை பரீட்சையில் தேறியதுபோல் நான் பெருமைப்பட்டேன்.

நீங்கள் இருந்த காலத்திலேயே சாராயம் அரசாணையால் நின்றது. அதே முனையில் பிராந்திக் கடை வந்தது. கண்ணாடி அலமாரி, டியூப்லைட், வேறு பாட்டில், அதே ஆட்கள். நாம் அதைப்பற்றி எத்தனை முறை வாதாடியிருப்போம். எல்லாக் கடைகளையும் மூட வேண்டும் என்பதில் நான் இன்றும் மாறவில்லை. "மூடறேன்னு சொல்றவன், மூடறதுக்கு மொத நாள் ஆஸ்பத்திரில கட்டில் போடட்டும். தரைல படுத்தவன் சொல்றேன்" என்பதில் நீங்களும் கடைசிவரை மாறவில்லை.

இப்போதும் யாரைப் பார்த்தாலும் நான் முகத்துக்கு முன்னால் கையைப் பார்க்கிறேன். ஆவடி ரயிலில் கம்பியைப் பிடித்திருக்கும் கை, கடையில் சில்லறை எண்ணும் கை. நடுங்கினால் முன்புபோல் முகம் சுளிப்பதில்லை. இந்த ஆள் இன்று நிறுத்திப் பார்க்கிறாரோ என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பழக்கம் நீங்கள் தந்தது.

அம்பத்தூர்ப் பெண்கள் சேர்ந்து பிராந்திக் கடைகளை மூடச் சொல்லி மனு கொடுக்கப் போகிறார்கள். எழுதித் தரும் பொறுப்பு எனக்கு. மூட வேண்டும் என்பதை முதல் வரியாகவும், கட்டில் வேண்டும் என்பதை இரண்டாம் வரியாகவும் எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்ற வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். மாற்றவா, வேண்டாமா? வரும் வியாழக்கிழமை மனுவைக் கொடுக்கிறோம். கனவில் வந்து சொன்னால் காலையில் எனக்கு நினைவிருக்காது. ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.